நம்பிக்கை விளையும் கண்காட்சி

பேரங்காடிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஆப்பிளும் திராட்சையும் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தவை. அவற்றை விளைவித்த விவசாயியும் விற்கும் வணிகரும் வெவ்வேறு நாடுகளில் வாழ்கின்றனர். இவர்களை இணைக்கும் பாலமாக அனைத்துலகப் பழ, காய்கறி வணிகக் கண்காட்சிகள் விளங்குகின்றன.

இவற்றுள் புகழ்பெற்றது, ஜெர்மனியின் பெர்லின் நகரில் நடைபெறும் 'ஃபுரூட் லாஜிஸ்டிகா' கண்காட்சியாகும். வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் மூன்று நாள்களுக்கு இது நடைபெறும். ஏறத்தாழ 90 நாடுகளைச் சேர்ந்த 2,500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இங்குக் கூடங்கள் அமைக்கின்றன. இதன் ஆசியக் கண்காட்சி ஹாங்காங்கில் நடத்தப்படுகிறது. இவை பொதுமக்களுக்கான சந்தைகள் அல்ல, இத்துறையினருக்காகவே நடத்தப்படுபவை.

காணொளி வழியாகவே வணிகம் பேசக்கூடிய இக்காலத்தில், இவர்கள் ஏன் நேரில் கூட வேண்டும்? பழம் விரைவில் அழுகும் பொருள் என்பதே இதற்கு முதன்மைக் காரணம். பழுதான நாற்காலியைத் திருப்பி அனுப்பலாம். அழுகிய பழத்தைத் திருப்பி அனுப்பிப் பயனில்லை. எனவே, வாங்குபவர் மாதிரிப் பழத்தை நறுக்கி, முகர்ந்து, சுவைத்துப் பார்க்க விரும்புகிறார். விளைவித்தவரிடமே நேரில் கேள்விகளும் கேட்கிறார். கோவிட்-19 நோய்ப்பரவலால் 2021இல் பெர்லின் கண்காட்சி நடைபெறவில்லை. எனினும், 2022 ஏப்ரலில் வணிகர்கள் மீண்டும் அங்கே நேரில் கூடினர்.

இக்கண்காட்சிகளில் பழங்களோடு, அவற்றைப் பாதுகாக்கும் தொழில்நுட்பமும் இடம்பெறுகிறது. வாழைக்காய்கள் பச்சையாகவே பறிக்கப்பட்டு, ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் கப்பலில் அனுப்பப்படுகின்றன. குளிர் அதைவிட மிகுந்தால் தோல் கறுத்துவிடும். வெப்பம் மிகுந்தால் வழியிலேயே பழுத்துவிடும். சேருமிடத்தில் எத்திலீன் வாயுவைக் கொண்டு அவற்றைப் பழுக்க வைக்கின்றனர். குளிரூட்டப்பட்ட கொள்கலன்கள், பழுக்கவைக்கும் அறைகள், தரம் பிரிக்கும் இயந்திரங்கள் ஆகியவற்றை உருவாக்குவோரும் இங்கே தங்கள் பொருள்களைக் காட்சிப்படுத்துகின்றனர்.

கண்காட்சியில் விலை பேசி முடித்தாலும் பழம் உடனே கப்பலேறிவிடாது. பழத்தோடு பூச்சிகளும் நோய்களும் நுழைந்துவிடக்கூடும் என்பதால், இறக்குமதி செய்யும் நாட்டின் அனுமதி தேவைப்படுகிறது. மலேசிய டுரியான் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் உறைந்த சுளைகளை முன்னரே ஏற்றுக்கொண்ட சீனா, உறைந்த முழுப் பழத்தை 2019இலும் புதிய பழத்தை 2024இலும்தான் அனுமதித்தது.

கூட வாடகையும் பயணச் செலவும் சிறு விவசாயிகளுக்குப் பெருஞ்சுமையாகும். அதனால், பல நாடுகள் தேசிய அரங்குகளை அமைத்துத் தம் விளைபொருள்களை ஒன்றாக அறிமுகப்படுத்துகின்றன. அந்த வாய்ப்பும் கிடைக்காத விவசாயி, எவ்வளவு நல்ல பழத்தை விளைவித்தாலும், இடைத்தரகர் சொல்லும் விலையையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

கண்காட்சியில் சுவைத்த பழத்தின் தரம், பிறகு வந்து சேரும் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்க வேண்டும். ஒரு கொள்கலன் அழுகி வந்தாலும் அடுத்த ஆண்டு அந்த வணிகர் வேறு கூடத்தை நாடிச் சென்றுவிடுவார்.