இராயப்பர் கற்றுத்தந்த பாடம்

நம் ஊருக்கு இராயபுரம் என்ற பெயர் எப்படி வந்தது? புனித பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்தனர். 19-ஆம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த படகோட்டிகள் அவர் பெயரால் கோவில் எழுப்பினர். ஊருக்கும் அப்பெயரே நிலைத்தது.

இராயப்பர் கலிலேயக் கடலில் வலை வீசிய மீனவர். இயேசு கைதான இரவில், அவரை அறியேன் என்று மும்முறை மறுதலித்தார். ஆனால் அவருடைய கலிலேயப் பேச்சே அவரைக் காட்டிக்கொடுத்தது. சேவல் கூவியதும் மனங்கசந்து அழுதார்.

மறைக்கல்வி வகுப்பில் இதைப் படித்தபோது என் நெஞ்சம் உறுத்தியது. சில மாதங்களுக்கு முன் வேறொரு பள்ளியில் நடந்த பேச்சுப் போட்டியில், ஒரு மாணவி என் அப்பாவின் வேலையைக் கேட்டாள். காசிமேட்டிலிருந்து மீன்பிடிக்கப் போகிறவர் என்று சொல்ல நாணி, துறைமுகத்தில் அதிகாரி என்றேன். மறுநாள் விடியலில் கரை திரும்பிய அப்பா, வலைக்கயிறு அறுத்த கையால் என் தேர்வுக் கட்டணத்தை எண்ணித் தந்தார். அன்று எனக்குச் சேவல் கூவிற்று.

மறுதலித்த இராயப்பரை ஆண்டவர் தள்ளிவிடவில்லை. உயிர்த்தபின், கடற்கரையில் தாமே மீன் சுட்டு உணவளித்தார். தம் மந்தையையும் ஒப்படைத்தார். மீன் வாடையை ஆண்டவரே வெறுக்காதபோது நான் வெட்கப்படலாமா?

அப்பாவிடம் உண்மையைச் சொல்லி அழுதேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “சாப்ட்டியா கண்ணு?” என்று மட்டும் கேட்டார்.

தாய் தந்தையை மதிப்பது நான்காம் கட்டளை. வீட்டில் கீழ்ப்படிந்தால் மட்டும் போதாது; நாலு பேர் நடுவிலும் அவர்களை மறைக்காதிருக்க வேண்டும். ஆகவே தோழியரே, இங்கே எழுதுகிறேன்: என் தந்தை மீனவர்.