கடைமடைக்குத் தண்ணீர் எட்ட: ஏரியில் ஊரின் பங்கும் துறையின் பங்கும்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேற்பட்ட ஆயக்கட்டு கொண்டவை நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கின்றன. இத்துறை 2021 வரை பொதுப்பணித்துறையின் ஒரு பகுதியாக இருந்தது. அதற்குக் குறைந்த ஆயக்கட்டு கொண்டவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. காகிதத்தில் இந்தப் பிரிவினை தெளிவாகவே இருக்கிறது. ஆனால் ஐப்பசியில் நிரம்பிய ஏரி இருந்தும், கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் கடைமடை வயல் வெடித்துக் கிடந்தால் யாரிடம் முறையிடுவது என்று சிறு விவசாயிக்குத் தெரிவதில்லை. அலுவலகத்துக்குப் போனால், "ஏரியில் தண்ணீர் இருக்கிறதே" என்பார்கள். அது உண்மையும்கூட. ஏரியில் தண்ணீர் இருப்பது வேறு, அது கடைசி வயலுக்கு வந்து சேருவது வேறு. முன்னது மண்வேலை, பின்னது மனிதர்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு.

1960-ஆம் ஆண்டையொட்டி ஏரிப்பாசனம் பெற்ற நிலம் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேர். 2010-க்குப் பின் பல ஆண்டுகளில் அதில் பாதி, அல்லது அதற்கும் குறைவு. வண்டல் மேடிட்டது, சீமைக்கருவேலம் மண்டியது, வரத்துக்கால் ஆக்கிரமிக்கப்பட்டது என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. இவையெல்லாம் சரியே. ஆனால் வண்டல் அந்நாளிலும் படியத்தான் செய்தது. அன்று அதை அள்ளுவதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பின்னர் அது இல்லாமற் போயிற்று.

கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர்ச்சபையின் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த முறையை விவரிக்கின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். அதன் உறுப்பினர்கள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்; பதவிக் காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வர முடியாது. நிலமும் கல்வித் தகுதியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இதில் இடம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்நாளின் ஏற்றத்தாழ்வுகளை இன்று யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. கணக்கைப் பற்றிய விதி மட்டும் இன்றைக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கது. ஏரிப் பராமரிப்புக்கென்று ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் ஒதுக்கி, அதன் வருவாயைக் கொண்டே தூர் எடுத்த செய்தியும் கல்வெட்டுகளில் உண்டு. ஊரிடம் பொறுப்பு இருந்தது. அதற்கான பணமும் ஊரிலேயே இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வருவாய் கஜானாவுக்குப் போயிற்று, வேலை மட்டும் ஊரின் தலையில் நின்றது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, குடிமராமத்துக்கு வர மறுப்பவரைத் தண்டிக்க வழி செய்தார்கள். ஊர் தன் ஏரி என்று நினைத்துச் செய்துவந்த வேலைக்குத் தண்டனைச் சட்டம் வேண்டியதாயிற்று என்றால், அந்த நினைப்பு எந்த அளவுக்குத் தேய்ந்திருக்க வேண்டும்!

நேபாளத்தில் கண்ட உண்மை

இதே கேள்வியை வேறொரு நாட்டில் ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார். பொதுச் சொத்தை ஊரார் எப்படிக் காக்கிறார்கள் என்ற ஆராய்ச்சிக்காக 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவரும் அவருடைய குழுவினரும் நேபாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில, விவசாயிகள் தாங்களே கல்லும் மண்ணும் தழையும் கொண்டு அணைத்து நடத்துபவை. மற்றவை, அரசுப் பொறியாளர்கள் சிமெண்டுக் கட்டுமானத்தோடு அமைத்தவை. சிமெண்டு போட்டவற்றில்தான் கடைமடைக்குத் தண்ணீர் நன்றாகப் போகும் என்று எவரும் நினைப்பார்கள். கண்டது நேர்மாறாக இருந்தது. விவசாயிகள் நடத்தியவற்றில்தான் கடைமடைக்கு அதிகம் தண்ணீர் போயிற்று, விளைச்சலும் கூடுதலாக இருந்தது.

காரணம் எளிது. மண் அணை ஆண்டுதோறும் உடையும். அதைக் கட்டத் தலைமடைக்காரர் மட்டும் போதாது, கடைமடைக்காரரும் மண்வெட்டியோடு வரவேண்டும். "எங்கள் வயலுக்குத் தண்ணீர் விடாவிட்டால் நாங்கள் வேலைக்கு வரமாட்டோம்" என்று அவர்களால் சொல்ல முடிந்தது. சிமெண்டு அணை வந்த பிறகு தலைமடைக்காரருக்கு அந்த மண்வெட்டி தேவைப்படவில்லை. தேவை போனதும் கடைமடைக்காரரின் பேச்சும் எடுபடாமல் போயிற்று. சிமெண்டே கெடுதல் என்று இதற்குப் பொருளில்லை. கட்டுமானத்தோடு, யார் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்ற ஒப்பந்தத்தையும் சேர்த்துச் செய்யாமல் விட்டதே கெடுதல்.

தமிழ்நாட்டின் ஏரிகளில் இதே வேலையைக் கிணறும் பம்பு செட்டும் செய்தன. ஆயக்கட்டுக்குள் சொந்தக் கிணறு வைத்திருப்பவருக்கு மடை திறப்பதைப் பற்றிப் பெரிய கவலை கிடையாது. ஏரியில் தண்ணீர் நின்றாலே அவருடைய கிணறு ஊறும். எனவே வாய்க்கால் வெட்டுக்கு அவர் வருவதில்லை. கிணறு வெட்ட வசதியில்லாத ஒரு ஏக்கர், அரை ஏக்கர்க்காரர்கள் மட்டும் வாய்க்காலை நம்பி நிற்கிறார்கள். கிணற்றில் ஊறுவதும் ஏரித் தண்ணீரே. ஆகையால் ஏரிச் சங்கத்தில் கிணற்றுக்காரரிடமும் ஏக்கர்வாரியாகப் பங்குத் தொகை வாங்குவது நியாயம். இதை ஊர்க் கூட்டத்தில் முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுதல் நல்லது.

சட்டத்தில் உள்ள இடம்

ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்றுக்கொண்ட 17 வளர்ச்சிக் குறிக்கோள்களில் ஆறாவது, தண்ணீரைப் பற்றியது. தண்ணீர் நிர்வாகத்தில் உள்ளூர் மக்களின் பங்கை வலுப்படுத்த வேண்டும் என்று அதில் தனியாகவே ஓர் இலக்கு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டிலேயே, பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்வதற்கான சட்டம் வந்தது. அதன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் தேர்தல் மூலம் அமையும். 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் அது தொடங்கப்பெற்றது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. வேலையைச் சங்கங்களே செய்யலாம் என்றிருந்தது. மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரவேண்டியிருந்தது.

ஏட்டில் இது சிறந்த ஏற்பாடு. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர் எல்லாரும் சேர்ந்து கொடுத்தார்களா, வேலை எடுத்த ஒருவரே கட்டிவிட்டாரா என்பதை ஒவ்வோர் ஊரும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவரே கட்டினால் அது குத்தகை வேலைதான். மறு ஆண்டு கருவேலங்கன்று முளைக்கும்போது அதைப் பிடுங்க யாரும் வரமாட்டார்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, வயலகம் என்ற பெயரில் அமைத்த ஏரி விவசாயிகள் சங்கங்களில், வேலைக்கு விவசாயிகளின் பங்கைத் திரட்டுவதோடு நிற்காமல், வைப்பு நிதி ஒன்றையும் வைத்து அதன் வட்டியைப் பராமரிப்புக்குப் பயன்படுத்தும் வழக்கத்தை உண்டாக்கியது. பழைய ஏரிப்பட்டியின் வேலையை அந்த வட்டி செய்கிறது.

சங்கத்தின் வாக்காளர் பட்டியல் நில ஆவணங்களை வைத்துத் தயாராவது. பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருந்தால், உழுகிற பேரனுக்கோ, கணவரை இழந்து தனியே பயிர் செய்யும் பெண்ணுக்கோ ஓட்டு இல்லாமற் போக நேரும். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் பட்டா மாறுதலை முடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முறைப்பாசனக் கணக்கு

சங்கம் அமைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை தூர் வாருவதன்று; முறை வைப்பது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டச் சுமார் 200 கன மீட்டர் வேண்டும். ஒரு மடையிலிருந்து வினாடிக்கு 20 லிட்டர் வருவதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 72 கன மீட்டர். ஆக, ஏக்கருக்கு 2 மணி 50 நிமிடம். அந்த மடையின் கீழ் 60 ஏக்கர் இருந்தால், இரவு பகல் பாய்ச்சி ஒரு சுற்று முடிய ஏழு நாட்கள். வாய்க்காலில் கால் பங்கு கசிந்து போனால் அதே சுற்றுக்கு ஒன்பது நாட்களுக்கும் மேலாகும். புல் செதுக்கிக் கரை கட்டிய வாய்க்கால் மட்டுமே இரண்டு நாள் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது. நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. கட்டிய நீர் மறைந்தபின் அடுத்த தண்ணீர் விடலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடலாகாது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடிக் கடைமடையை அடையவே நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கடைமடைக்காரரின் முறையில் கழித்தால், அவருக்கு மணி இருக்கும், தண்ணீர் இருக்காது. வயலில் தண்ணீர் நுழைந்த நேரத்திலிருந்தே அவர் முறையைக் கணக்கிட வேண்டும். ஒரு சுற்று தலைமடையிலிருந்தும் அடுத்த சுற்று கடைமடையிலிருந்தும் தொடங்கினால் சச்சரவு குறையும்.

முறையை நடத்த ஓர் ஆள் வேண்டும். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெரும்பாலும் நிலமற்ற, தாழ்த்தப்பட்ட குடும்பத்தினர் இவ்வேலையைச் செய்து, அறுவடையில் களத்து நெல்லாகக் கூலி பெற்றார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று இதற்கு வர மறுப்பதில் வியப்பில்லை. நள்ளிரவில் மடை அடைக்கும் வேலைக்கு ஒரு மரக்கால் நெல்லும் மரியாதைக் குறைவான பேச்சும் போதுமென்று நினைத்த காலம் போய்விட்டது. மாதச் சம்பளம், டார்ச் விளக்கு, ரப்பர் பூட்ஸ் ஆகியவற்றோடு, முறை மீறியவரின் மடையை அடைக்கும் அதிகாரத்தையும் எழுத்தில் கொடுத்தால் ஆள் கிடைப்பார். அவருக்கு அந்த ஆயக்கட்டில் நிலம் இல்லாதிருப்பது நடுநிலைக்கு உதவும்.

வண்டல் எடுப்போர் கவனத்துக்கு

அறிவிக்கப்பட்ட ஏரிகளில் விவசாயத்துக்கு வண்டல் எடுக்கக் கட்டணம் கிடையாது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்பது அளவு. 2024-இல் அனுமதி வழங்கும் அதிகாரம் வட்டாட்சியர்களுக்கு அளிக்கப்பட்டது. மணற்பாங்கான நிலத்துக்கு வண்டல் மிக ஏற்றது. ஈரம் பிடித்து வைக்கும். களிமண் நிலத்தில் கொட்டுவதால் பயனில்லை. உவர் உள்ள ஏரி மண்ணானால் மண் பரிசோதனை செய்து பார்த்த பிறகே கொட்ட வேண்டும்.

கரையை ஒட்டித் தோண்டக்கூடாது; கரையின் கால் வலுவிழந்து மழையில் உடைப்பெடுக்கும். மடையின் தளமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் கிணற்றுக்கு ஊறலாம், ஆனால் மடை வழியே வயலுக்கு வராது. வண்டல் என்ற பெயரில் கிராவலும் மணலும் போகின்றனவா என்று சங்கத்தார் லாரி எண்ணைக் குறித்து வைத்துக் கண்காணிக்க வேண்டும். எங்கே, எவ்வளவு ஆழம் என்று துறைப் பொறியாளரைக் கொண்டு குச்சி நட்டுக் காட்டச் சொல்வது பாதுகாப்பு.

கரை, மதகு, கலங்கல் இவற்றின் பழுது துறையின் வேலை. கலங்கலில் மூட்டை அடுக்கி உயர்த்துவதை எவரும் செய்யக்கூடாது. அது கரைக்கே ஆபத்து. வயல்வாய்க்கால், கன்று பிடுங்குதல், எலி நண்டு வளைகளை அடைத்தல் ஆகியன ஊரின் வேலை. வரத்துக்கால் ஆக்கிரமிப்பு மட்டும் இருவரும் சேர்ந்தால்தான் தீரும். பொதுப்பணித்துறைப் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்கென 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் வந்துள்ளது. வாய்மொழிப் புகாரால் அது நகராது. வரத்துக்கால் செல்லும் சர்வே எண்களுக்குப் புலப்பட நகலும் 'அ' பதிவேட்டு நகலும் வாங்கி, அடைபட்ட இடத்தை அதில் குறித்து, ஆயக்கட்டுதாரர் பலரும் கையெழுத்திட்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெற வேண்டும். மாசி, பங்குனியில் கொடுத்தால் அளவைக்கு ஆட்கள் வருவதற்குள் ஏரி வறண்டிருக்கும். எல்லைக் கல்லைத் தேடிப் பார்க்க அதுவே வசதியான காலம்.