இன்னொரு ஆஸ்திரோவ்ஸ்கி

நம்பிக்கை: ஆஸ்திரோவ்ஸ்கி என்றால் 'வீரம் விளைந்தது' எழுதியவர்.

அவர் நிக்கொலாய், 1904-இல் பிறந்தவர். ரஷ்ய நாடகக்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் அவர்கள் நினைப்பது அலெக்சாந்தர் ஆஸ்திரோவ்ஸ்கியை. இவர் 1886-லேயே காலமாகிவிட்டார். சோவியத் நூல்களை மலிவு விலையில் வாங்கிப் படித்த நமக்கு முதலாமவரைத்தான் தெரியும்.

நம்பிக்கை: ரஷ்ய நாடகம் செகாவில் தொடங்குகிறது.

செகாவின் பெருமை இருக்கட்டும். அவருக்கு முன்னால் கிரிபயேதவும் கோகலும் மகத்தான நாடகங்கள் தந்தார்கள்; ஆனால் அவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஆண்டு முழுக்க ஒரு குழு நடிக்கப் போதாது. ஆஸ்திரோவ்ஸ்கி எழுதியது 47. மாஸ்கோவின் மாலி தியேட்டரை 'ஆஸ்திரோவ்ஸ்கியின் வீடு' என்றே சொல்வார்கள். வாசலில் அவர் சிலை.

அவருக்குச் சரக்கு கிடைத்த இடம் நீதிமன்றம். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர், மாஸ்கோ வணிக நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தார். அவருடைய ஆரம்பகால நாடகம் ஒன்றில் ஒரு வியாபாரி கடன்காரர்களை ஏமாற்றப் பொய்யாக மஞ்சள் கடுதாசி நீட்டுகிறார். சொத்தையெல்லாம் கணக்குப்பிள்ளை பெயருக்கு மாற்றி, மகளையும் அவனுக்கே கட்டிவைக்கிறார். கடைசியில் மாமனார் கடன் சிறையில். மீட்கும் அளவுக்குக் காசை அவிழ்க்க மகளுக்கும் மனமில்லை, மருமகனுக்கும் மனமில்லை. 1850-இல் அச்சான இதை மேடையேற்றத் தடை வந்தது. ஆசிரியர் மேல் போலீஸ் கண்காணிப்பு. மறு ஆண்டு வேலையும் போயிற்று.

நம்பிக்கை: ஆஸ்திரோவ்ஸ்கியின் 'புயல்' ஓர் உண்மைச் சம்பவத்தின் நாடக வடிவம்.

வோல்கா கரையிலுள்ள கஸ்த்ரமா நகரத்தார் இதை நெடுங்காலம் அடித்துச் சொல்லிவந்தார்கள். மாமியார் கொடுமையும் வேறொருவன்மேல் கொண்ட காதலும் உலுக்க, கதாநாயகி கதெரீனா ஆற்றில் விழுந்து சாகிறாள். கஸ்த்ரமாவிலும் 1859 நவம்பரில் ஓர் இளம் மருமகள் வோல்காவில் மாண்டாள். ஊர், வீடு, மாமியார் எல்லாம் பொருந்தின. உள்ளூர் நடிகர்கள் அந்தக் குடும்பத்தாரைப் போலவே வேஷம் கட்டியதாகவும் சொல்வார்கள்.

பொருந்தாதது தேதி மட்டும்தான். நாடகம் எழுதி முடிந்தது அக்டோபரில், அந்தச் சாவுக்கு ஒரு மாதம் முன்னால். 1856-இல் கடற்படை அமைச்சகம் வோல்கா மக்களின் வாழ்க்கையைப் பார்த்து எழுதிவர எழுத்தாளர்களை அனுப்பியபோது போனவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கரையூர்களைச் சுற்றிவந்தவருக்குக் கஸ்த்ரமாவில் வழக்கு வரும்வரை காத்திருக்கத் தேவை இருக்கவில்லை.