நோயுற்ற கோழியும் நம் கடமையும்

சென்ற மாரிக்காலத்தில், திருமுருகன்பூண்டியில் நம் அண்டைவீட்டுக் கோழி ஒன்று இரைகொள்ளாது, பச்சையும் வெண்மையுமாகக் கழிந்து, சிறகு தளர்ந்து ஒடுங்கியது. பனியன் கம்பெனிக்குப் புறப்பட்ட அவ்வீட்டார், "சாகுமுன் அறுத்துவிடலாமா, டீச்சரம்மா?" என்றனர். நம்மிடம் விடுமாறு வேண்டினோம்.

ஏனைய ஐந்து கோழிகளினின்றும் பிரித்துப் பஞ்சாரத்தில் அடைத்தோம். சாக்கு விரித்து, குளிர்காற்றை மறைத்து, நீர் வைத்தோம். தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவினோம். கால்நடை மருத்துவர் வெள்ளைக்கழிச்சல் என்றார். 1920களில் குமாவுன் மலையூரான ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டமையால் இதனை ராணிக்கெட் நோய் என்றும் வழங்குவர். வைரசால் வருவது, வந்தபின் தீர்க்க மருந்தில்லை, வருமுன் தடுப்பூசியே காப்பு.

நான்காம் நாள் அது கத்தி காணாமல் உயிர்நீத்தது. சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தோம். ஏனைய ஐந்தும் தப்பின.

"பிழைக்காததற்கு ஏன் இத்துணைப் பாடு?" என வினவலாம். டெல்லி லால் மந்திர் வளாகத்தில் நம்மவர் நடத்தும் பறவை மருத்துவமனையும் பிழைப்பவற்றை மட்டும் தேர்ந்து ஏற்பதில்லை. மாவுக்கோழியைப் பலியிட்டமைக்கே யசோதரன் பல பிறவி உழன்றதைக் காவியத்தில் கற்றோம். செயலினும் எண்ணமே வினைக்கு வித்தெனின், உயிர்க்கோழியிடம் நம் எண்ணம் யாதாக இருத்தல் வேண்டும்? இல்லத்துச் சிறாரிடம் இவ்வினாவைக் கேளுங்கள்.