துப்பாக்கிக்கு முன்பணம் கட்டும் முன்

பரமக்குடிப் பக்கம் துப்பாக்கி என்று பேச்செடுத்தால் போதும், அது கண்மாய்க்கும் கருவேலங்காட்டுக்கும் போய்விடும். கவுதாரி, காடை, முயல் என்று தாத்தா காலத்து வேட்டைக் கணக்கைப் பெரியவர்கள் எடுத்து வைப்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கு ஆசை வந்துவிடும்: “எனக்கு ஒரு டபுள் பேரல் வாங்கித் தாங்கப்பா.”

வேட்டைக்கு என்று வாங்க வழியில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. அட்டவணை ஒன்றில் இருக்கும் மயிலைச் சுட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. வயலை உழுது போடும் காட்டுப்பன்றியைக்கூட நாமாகச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலும் சுடும் பொறுப்பு வனத்துறைக்குத்தான். அதே ஆண்டு பிப்ரவரியில் நம் தேர்த்தங்கால் பறவைகள் சரணாலயம் ஈரநிலங்களுக்கான உலக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் குண்டு நிரப்பிக்கொண்டு ராத்திரியில் கண்மாய்க் கரை ஏறுகிறவர்களோடு சேர்ந்து பழகுவது, போலீஸ் வேலைக்கு மனுப் போடப் போகிற பையனுக்கு ஆகவே ஆகாது. ஒரு வழக்குப் போதும், நன்னடத்தைச் சரிபார்ப்பிலேயே பெயர் நின்றுவிடும்.

ஆனால் அந்த ஆசையை அப்படியே அமுக்கிவிடவும் வேண்டாம். அதே இரட்டைக்குழல் துப்பாக்கியால், பறக்கும் பறவைக்குப் பதில் பறக்கும் களிமண் தட்டைச் சுடுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஒலிம்பிக்கில் அதற்கு டிராப், ஸ்கீட் என்று இரண்டு வகை. தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர். டிராப்பில் அது உங்களுக்கு முன்னால் 15 மீட்டர் தள்ளியுள்ள குழியிலிருந்து எந்தக் கோணத்தில் சீறும் என்று தெரியாது. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் இந்தப் பிரிவில்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய ஆடவர் அணியிலும் இருந்தார்.

“அது ராஜா வீட்டு விளையாட்டு, நமக்கு எதற்கு?” என்று தறி நெய்கிற வீட்டிலோ மிளகாய்க் கொல்லை வைத்திருக்கும் வீட்டிலோ கேட்டால், அந்தக் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதிக்குப் பதில் இரண்டு பெண்கள். போபால் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை மனீஷா கீர் 2018இல் உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்பில் டிராப் பிரிவில் வெள்ளி வாங்கினார். இட்டார்சியில் சலவைக் கடை நடத்துபவரின் மகள் பிரீத்தி ரஜக் விளையாட்டுத் தகுதியின் பேரில் 2022 டிசம்பரில் ராணுவக் காவல் படையில் நேரடியாக ஹவில்தார் ஆனார். 2024 ஜனவரியில் சுபேதார். இந்திய ராணுவத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். ஹாங்சோவில் வெள்ளி வென்ற மகளிர் டிராப் அணியில் இருவரும் இருந்தார்கள். இருவரையும் வளர்த்தது மத்தியப் பிரதேச அரசின் துப்பாக்கி சுடும் அகாடமி. துப்பாக்கி, தோட்டா, பயிற்சியாளர் எல்லாம் அங்கே கிடைத்தன. குடும்பம் கடன் வாங்கித் துப்பாக்கி வாங்கியிருந்தால் இந்தக் கதை முதல் வருடத்திலேயே நின்றுபோயிருக்கும்.

எனவே என் முதல் ஆலோசனை கசப்பாக இருக்கும்: சொந்தத் துப்பாக்கி கடைசிப் படி. சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்கு உரிமம் கிடையாது. ஆனால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 12 வயதைத் தாண்டியவர் பயிற்சியாளரின் நேரடி மேற்பார்வையில் பயிற்சித் தளத்தில் சுடலாம் என்கின்றன. நடுவிலுள்ள அந்த ஒன்பது ஆண்டுகள்தான் உங்கள் பிள்ளையின் தொழில்முறை அடித்தளம். அப்பாவின் உரிமத்தில் இருக்கும் துப்பாக்கியை வீட்டுத் தோப்பில் எடுத்துச் சுட்டுப் பழகுவது இதில் சேராது.

தொடக்கத்துக்கு 10 மீட்டர் ஏர் ரைபிள் போதும். 0.177 அங்குலப் போர் (குழலின் உள்விட்டம்) அளவும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. பள்ளியில் என்சிசி இருந்தால் 0.22 ரைபிள் சுடும் வாய்ப்பும் கிடைக்கும். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: ரைபிள் பழக்கம் ஒழுங்கையும் போட்டி நெஞ்சுரத்தையும் தரும், தட்டுச் சுடும் ஷாட்கன்னின் கையசைவைத் தராது. ரைபிளில் மூச்சை அடக்கி விசையை மெல்ல அழுத்த வேண்டும். ஷாட்கன்னில் இரண்டு கண்ணும் திறந்திருக்க, தட்டோடு சேர்ந்து குழலை ஓட்டி, ஓடும்போதே விசையைத் தட்ட வேண்டும். சுட்ட பிறகும் குழல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றில் தேறியவர் மற்றதில் தடுமாறுவது சகஜம்.

அடுத்து, எந்தத் துப்பாக்கி? கடையிலோ கிளப்பிலோ நிற்கும்போது பார்க்க வேண்டியது கம்பெனிப் பெயரை அல்ல. பெரெட்டாவோ பெராஸியோ, தோளுக்கு ஒத்து வராவிட்டால் இரும்புதான்.

முதலில் கண். கைகளை நீட்டி, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, தூரத்துப் பனைமரத்தின் உச்சியை இரு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது உச்சி ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடக்கண் ஆளும் கண்ணாக இருந்தால், எந்தத் தோளில் வைத்துச் சுடுவது என்பதைப் பயிற்சியாளர் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இதைப் பார்க்காமல் வலக்கைக்காரருக்கு என்று செதுக்கிய தோள்கட்டையை வாங்கிவிட்டால், பிள்ளை வருடக்கணக்கில் தட்டைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கும். காரணம் யாருக்கும் புரியாது.

பிறகு கட்டை. பெரியவர்களுக்கான ஷாட்கன்னில் விசையிலிருந்து கட்டையின் முனைவரை சுமார் 14½ அங்குலம் இருக்கும். வளரும் பிள்ளைக்கு 12½, 13 அங்குலமே போதுமானதாக இருக்கலாம். நம் வீடுகளில் பள்ளிச் சீருடையை இரண்டு அங்குலம் கூட வைத்துத் தைப்போம், “வளர்ற பிள்ளை” என்று. துப்பாக்கியில் அந்தச் சிக்கனம் செல்லாது. நீளமான கட்டை அக்குளில் மாட்டும், தோள்குழியில் உட்காராமல் கைச்சதையில் உட்காரும். பத்துத் தோட்டாவில் கை நீலம் பாரிக்கும், பதினோராவதில் பிள்ளை விசையைத் தட்டுமுன்னே கண்ணை மூடும். அப்படி ஏறிய பயம் லேசில் இறங்காது. கட்டையை வெட்டிச் சிறிதாக்கி, வளர வளர ரப்பர் முனையும் பலகைத் துண்டும் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம். இரட்டைக்குழலைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் ஒட்டி நிற்கும்போது கட்டைவிரல் முட்டிக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் நீளம் சரி. கன்னம் கட்டையின் மேல்விளிம்பில் ஒட்டியிருக்கும்போது கண் குழலின் நடுக்கோட்டிலேயே இருக்க வேண்டும். ஷாட்கன்னில் பின்பக்கக் குறி கிடையாது, சுடுபவரின் கண்தான் பின்குறி. மேல்விளிம்பை ஏற்றி இறக்கும் வசதியுள்ள கட்டை கிடைத்தால் வளரும் பிள்ளைக்கு அதுவே நல்லது.

கனத்தில்தான் பெற்றோர் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். “சின்னப் பிள்ளைக்குச் சின்னத் துப்பாக்கி” என்று 20 போரையோ 0.410 போரையோ தேடுவார்கள். 0.410இல் ரவை குறைவு, பரவலும் மெலிவு. தேர்ந்தவருக்கே சோதனை, கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது வெறும் ஏமாற்றம். 20 போர் லேசானது, சுமார் 3 கிலோ. ஆனால் பின்னுதை என்பது தோட்டாவின் கனத்தையும் துப்பாக்கியின் கனத்தையும் சேர்த்த கணக்கு. போட்டியில் அனுமதிக்கப்படும் ரவை எடை 24 கிராம். அதே 24 கிராமை 3 கிலோத் துப்பாக்கியில் போட்டால், 3.6 கிலோ 12 போரைவிட உதை ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆகவே சின்ன உடம்புக்கு 20 போர் கொடுத்தால் தோட்டாவையும் 21 கிராமாகக் குறைக்க வேண்டும். உடம்பு தேறியதும் நேராக 12 போருக்குப் போய்விடலாம், அதிலும் லேசான தோட்டாவோடு தொடங்கி. தாங்கும் கனம் எவ்வளவு என்று அறிய ஒரு சோதனை: வெற்றுத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி நிற்கச் சொல்லுங்கள். உடம்பு பின்னால் சாய்ந்தால் கனம் அதிகம். சற்றே முன்சாய்ந்து நிற்க முடிந்தால் சரி.

குழல் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள மாடலையே சொல்வேன். மடக்கிப் பிடித்தால் தோட்டா உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். பிள்ளைகள் கூட்டமாக நிற்கும் தளத்தில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. குழல் நீளம் 28இலிருந்து 32 அங்குலம் வரை. வளரும் பிள்ளைக்கு 28 அல்லது 30.

பரணில் தாத்தாவின் பக்கவாட்டு இரட்டைக்குழல் இருந்தால் அதைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். பழைய சீமைத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான், இன்றைய தோட்டா 70. தோட்டா உள்ளே போய்விடும், சுடும்போது திறப்பு விரிய இடமிருக்காது, அழுத்தம் எகிறும். உரிமதாரர் காலமாகிவிட்டார் என்றால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசாக ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

செலவை மறைக்க மாட்டேன். டிராப் தகுதிச் சுற்றில் 125 தட்டு. ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம் என்பதால் 250 தோட்டா வரை போகும். பயிற்சிக்கும் அதே விகிதம். தோட்டாச் செலவு சில ஆண்டுகளிலேயே துப்பாக்கி விலையைத் தாண்டும். அதனால்தான் சொந்தமாக வாங்காமல் கிளப் துப்பாக்கி, அகாடமி தரும் தோட்டா என்கிறேன். நமக்கு எட்டும் தூரத்தில் மதுரையில் ரைபிள் கிளப் உண்டு. களிமண் தட்டுக்கு சிவகங்கை, காரைக்குடி வழியாகப் புதுக்கோட்டை போனால் ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கிறது. காதடைப்பும் கண்ணாடியும் இல்லாமல் நிற்கவிடுகிற இடமென்றால் அன்றே திரும்பி வந்துவிடுங்கள். ரவை ஈயம் என்பதால் சாப்பிடும் முன் கை கழுவுவதும் கட்டாயம்.

வேலை விஷயம். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. காவலர் தேர்விலும் விளையாட்டுக்கென்று தனி ஒதுக்கீடு. ரயில்வே, மத்திய ஆயுதப் படைகள், ராணுவம் எல்லாம் தேசியப் போட்டிச் சான்றிதழைப் பார்த்து ஆள் எடுக்கின்றன. மாவ் நகரில் உள்ள ராணுவத்தின் குறிபார்த்துச் சுடும் பிரிவு, திறமை தெரிந்தால் பயிற்சியையும் தானே பார்த்துக்கொள்ளும். மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித்தொகைத் திட்டங்களும், 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் கருவி வாங்க உதவுகின்றன. பதக்கம் வராவிட்டாலும் நடுவர், தள அலுவலர், பயிற்சியாளர் என்று வழி உண்டு. ஆனால் அவை மட்டுமே சோறு போடும் என்று நம்பிப் படிப்பை விட்டுவிட வேண்டாம்.

21 வயது ஆனதும் உரிமத்துக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், காவல் துறை விசாரணை, வீட்டில் பூட்டி வைக்கும் இடம் எல்லாம் கேட்பார்கள். உரிமம் 5 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால்கூட 2019 திருத்தப்படி 2 ஆண்டுவரை சிறை உண்டு. உரிமமும் போகும், ஒதுக்கீட்டு வேலையும் போகும்.

அதுவரை ஒரே ஒரு வேலை. கிளப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி எதுவானாலும் புள்ளிச்சீட்டையும் சான்றிதழையும் ஒன்றுவிடாமல் ஒரு கோப்பில் வைத்துவாருங்கள். உதவித்தொகைக்கும் ஒதுக்கீட்டுக்கும் விளையாட்டு வீரர் உரிமத்துக்கும் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.