எண்ணிக்கையில் விடுபட்டவன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

கதைகள் குழந்தைகளுக்கே உரியவை. கல்லூரிக்கு வந்துவிட்டவன் அவற்றைத் திரும்பிப் பார்த்தல் தகாது என்று எண்ணியிருந்தவன் நான். கணங்களைப் பற்றிக் குறிப்பெடுக்க ஒரு சனிக்கிழமை கோட்டூர்புரம் சென்றபோதுதான் அவ்வெண்ணம் மாறிற்று.

அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப் பெற்றது. ஒன்பது தளங்கள் கொண்ட அக்கட்டடத்துள் முதன்முறை நுழைபவனுக்குச் சற்றே அச்சம் உண்டாகும்; எனக்கு உண்டாயிற்று. கணித நூல்களைத் தேடிப் புறப்பட்டவன், முதல் தளத்தில் குழந்தைகள் பிரிவைக் கண்டு நின்றுவிட்டேன். பெரியதொரு செயற்கை மரம். அதனைச் சுற்றிச் சிறுவர் சிறுமியர். இருபது வயதுக்காரன் அங்கே உட்கார வெட்கமாகத்தான் இருந்தது. இருப்பினும் அடுக்கிலிருந்து ‘பரமார்த்த குரு கதை’யை எடுத்துவிட்டேன்.

வீரமாமுனிவர் (1680–1747) எழுதிய இந்நூலைப் பாபிங்டன் என்பார் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1822இல் இலண்டனில் வெளியிட்டார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரும் குருவும் ஆற்றைக் கடக்கும் கதை யாவரும் அறிந்ததே. ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்தபின் கடக்கிறார்கள். கரையேறி எண்ணிப் பார்த்தால் ஐவரே இருக்கின்றனர்! எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுகிறான். ஆற்றைத் திட்டி அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் பொருளைப் பெற்றுக்கொண்டு, முதுகில் ஒவ்வொரு அடியாகப் போட்டு எண்ணச் சொல்கிறான், அறுவரும் கிடைத்துவிடுகின்றனர். பின்னர் மடத்தில் இதனைக் கேட்ட கிழவி ஒருத்தி, பசுஞ்சாணத்தில் மூக்கைப் பதித்துக் குழிகளை எண்ணியிருந்தால் செலவே இல்லையே என்கிறாள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். செய்யாற்றங்கரையில் பிறந்த என் ஆயா எனக்குச் சொன்ன கதை அன்றோ இது! ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. அவர் சொன்னதில் குருவும் இல்லை, சீடரும் இல்லை. சந்தைக்குப் போன பத்துப் பேர். சாணத்துக்குப் பதில் ஆற்றின் ஈரமணல்.

வீரமாமுனிவர் இத்தாலியர். ஆதலால் இக்கதை ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு என்று ஒருவர் வாதிடலாம். அதற்குச் சான்றும் காட்டலாம்: இங்கிலாந்தில் காத்தம் என்னும் ஊராரைப் பற்றிய கதைகள் 16ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறின. அங்கே மீன்பிடிக்கச் சென்றவர் பன்னிருவர், எண்ணும்போது பதினொருவர், அங்கும் ஒருவன் வந்து அடித்து எண்ணுகிறான். ஆயின் 14ஆம் நூற்றாண்டில் வித்யாரணியர் இயற்றிய பஞ்சதசி என்னும் வடமொழி வேதாந்த நூலில் இதே நிகழ்ச்சி உவமையாக வருகிறது. ஆற்றைக் கடந்த பதின்மரில் பத்தாமவனைக் காணாது அழுகிறவனிடம், ‘பத்தாமவன் நீயே’ என்று உணர்த்துகிறார்கள். ஆக, முனிவருக்கு முந்நூறு ஆண்டுகட்கு மேல் முன்னரே இது இந்நாட்டில் வழங்கியிருக்கிறது. நகைப்புக்குரிய கதையே ஞானத்துக்கும் பயன்பட்டிருப்பது வியப்புத்தான்.

தாவரங்களை வகைப்படுத்துவது போலக் கதைகளையும் வகைப்படுத்தியிருக்கிறார்கள். பின்லாந்து அறிஞர் ஆர்னே 1910இல் தொடங்கி, அமெரிக்கரான தாம்சன் 1928இலும் 1961இலும் விரித்த பட்டியலில் நம் கதைக்கு எண் 1287. ஆயாவின் கதைக்கு உலகப் பதிவெண் உண்டு என்பதை எங்கள் வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

கணித மாணவர்கள் கவனிக்க வேண்டியது மூக்குக் குழி. எண்ணுபவன் கணத்தின் உறுப்பினன். ஆனால் எண்ணும்போது தான் வெளியே நிற்பதாகப் பாவித்துக் கொள்கிறான். பிழை அங்கேதான். வழிப்போக்கன் உண்மையிலேயே வெளியாள். ஆகவே அவன் கணக்குச் சரியாயிற்று. கிழவியின் முறையிலோ வெளியாளே வேண்டாம். ஒருவனுக்கு ஒரு குழி, ஒரு குழிக்கு ஒருவன். இதனை வகுப்பில் இருபுறச் சார்பு என்கிறோம். ஆட்களை விட்டுக் குழிகளை எண்ணுகையில் யாரும் விடுபட வழியில்லை. கேன்டர் 19ஆம் நூற்றாண்டில் முடிவிலாக் கணங்களை ஒப்பிட்டதும் இவ்வாறு இணை சேர்த்தே. இயல் எண்களை ஒவ்வொன்றாக இரட்டை எண்களோடு இணைத்தால், இரண்டும் ஒரே அளவு என்றாகிறது. பாடநூலில் மூன்று முறை படித்தும் மனத்தில் பதியாதது, சாணத்தில் பதிந்துவிட்டது!

எங்கள் வீட்டில் இரவில் தட்டு எடுத்து வைக்கும்போது ஆயா தலைகளை எண்ணுவார். ஐந்து பேர், ஐந்து தட்டு. ஆறாவது தட்டை யாரேனும் எடுத்து வைத்தால், “அது யாருக்கு?” என்பார். சிறுவயதில் இதைக் கண்டு சிரித்திருக்கிறேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது நூலிலிருந்து எழுதிவந்த பகுதியை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். முதன்முறையாக நான் கதை சொல்ல, அவர் கேட்டார். வழிப்போக்கனுக்குப் பணம் கொடுத்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டார். கிழவியின் யோசனை வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“சாணி எதுக்குடா தேடணும்? ஆத்தங்கரையில மணலா இல்ல?”