மாயக் கையும் மாய பிம்பமும்

சமதள ஆடியைப் பற்றி வகுப்பில் படித்திருப்பீர்கள். ஆடிக்கு முன்னால் பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளதோ, அவ்வளவு தொலைவில் ஆடிக்குப் பின்னால் பிம்பம் தோன்றும். வலக்கையின் பிம்பம் இடக்கை போலிருக்கும். அதைத் திரையில் பிடிக்க இயலாது. ஆகவே அது மாய பிம்பம். இந்த எளிய பாடம் நோயாளிக்கு மருந்தாகவும் பயன்படுகிறது என்றால் நம்புவீர்களா?

விபத்தில் கையை இழந்தவர் சிலர், இல்லாத அந்தக் கை வலிப்பதாகச் சொல்வதுண்டு. விரல்கள் இறுக மூடி, நகங்கள் உள்ளங்கையில் குத்துவதுபோல் இருக்கும் என்பார்கள். அது பொய்யன்று. கை போனாலும், மூளையில் அந்தக் கைக்குரிய பகுதி இருக்கிறதல்லவா? "விரலை விரி" என்று மூளை கட்டளை இடுகிறது; "விரித்தேன்" என்ற பதில் வருவதில்லை. வலிக்கு இது ஒரு காரணமாகலாம் என்று கருதினார் வி. எஸ். இராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் இவர்.

அவர் பயன்படுத்திய கருவி என்ன தெரியுமா? ஒரு பெட்டி, அதன் நடுவே நிறுத்திய ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்! நல்ல கையைக் கண்ணாடியின் முன்னால் வைத்தால், இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் பிம்பம் தோன்றும். நல்ல கையை விரித்தால் மாயக் கையும் விரியும். அதைக் கண்ட நோயாளிகள் சிலருக்கு இறுக்கம் தளர்ந்தது. இம்முடிவுகள் 1996-ல் வெளியாயின.

பக்கவாதத்தால் கை தளர்ந்தவர்க்கும் இம்முறையை 1999-ல் சோதித்தார்கள். தளர்ந்த கை கண்ணாடியின் பின்னே மறைந்திருக்கும். நோயாளி பிம்பத்தைப் பார்த்தபடி இரு கைகளையும் அசைக்க முயல்வார். வழக்கமான பயிற்சிகளோடு இதையும் சேர்த்துச் செய்தால் கையின் இயக்கம் மேம்படுவதைப் பின்னர் நடந்த பல ஆய்வுகள் காட்டின. ஆயினும் இது மந்திரமன்று. எல்லோருக்கும் பலன் ஒன்றுபோல் இராது. சிலருக்குத் தலைசுற்றலும் வரலாம். எனவே இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதல் தேவை.

நீங்களே செய்து பாருங்கள்: மேசைமீது ஒரு கண்ணாடியை வலப்புறம் பார்க்கும்படி நிமிர்த்தி நிறுத்துங்கள். இரு கைகளையும் அதிலிருந்து 15 செ.மீ. தள்ளி, இருபுறமும் வையுங்கள். கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். வலக்கையின் பிம்பத்தைப் பார்த்தபடி வலக்கையை மட்டும் அசையுங்கள். மறைந்திருக்கும் இடக்கையில் ஏதேனும் விந்தையான உணர்வு தோன்றுகிறதா?

பயிற்சியின் பலன் ஒரே நாளில் வந்துவிடாது. வாரக்கணக்கில் நாள்தோறும் செய்யவேண்டும். நத்தத்தைச் சுற்றியுள்ள சிற்றூரிலிருந்து தளர்ந்த உடலோடு தினமும் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பேருந்தில் போய்வர முடியுமா? "போன கை போனதுதான்" என்று பலர் பாதியில் கைவிட இதுவும் ஒரு காரணம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிற்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பது சேர்க்கப்பட்டதும் இத்தகையோர்க்காகத்தான்.

சிகிச்சையாளர் வந்து போனபின், மற்ற நாட்களில் தாத்தாவுக்குக் கண்ணாடியைப் பிடித்து, அசைவுகளை எண்ணிச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாமே!